பேஞ்சோவில் செவ்வியல் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் செவ்வியல் இசை என்பது பாக், ஸ்கார்லாட்டி, பேத்தோவன் வழி வந்த மேற்கத்திய இசை. பேஞ்சோ என்பது வட்டமான தோல் முகமும் நீண்ட கழுத்தும் உள்ள தந்தி வாத்தியம். பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவையும் சிலர் பேஞ்சோ என்கிறார்கள், அது வேறு.

பேஞ்சோவில் நிஜமாகவே செவ்வியல் இசை வாசிக்க முடியுமா? வேடிக்கைக்குச் செய்வதுதானே?

முடியும். தெரிந்த மெட்டின் மேல்வரியை மட்டும் எடுத்து வாசிப்பதைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று குரல்கள் (சேர்ந்து ஓடும் தனித்தனி மெட்டு வரிகள்) ஒன்றையொன்று துரத்தும் பாக் படைப்புகள் வரை இதில் வந்திருக்கின்றன. அமெரிக்கக் கலைஞர் பேலா ஃப்ளெக் 2001இல் பாக், ஸ்கார்லாட்டி, ஷோப்பான், பகனினி எல்லோரையும் பேஞ்சோவில் வாசித்து 'பெர்பெச்சுவல் மோஷன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் போன்றவர்கள் அதில் கூட வாசித்தார்கள். அடுத்த ஆண்டு அதற்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. (பேலா ஆன்டன் லேயோஷ் என்பது அவருடைய முழுப் பெயரின் முன்பகுதி. பார்டோக், வெபெர்ன், யானாசெக் என்ற மூன்று இசையமைப்பாளர்களின் பெயரைச் சூட்டினால் பிள்ளை வேறு என்ன செய்வான்!)

ஆனால் எல்லாம் வராது. பேஞ்சோவின் ஒலி மீட்டியவுடன் பளிச்சென்று எழும், உடனே அடங்கிவிடும். இதைக் குறையாக நினைத்து மறைக்கப் பார்ப்பவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஏற்ற படைப்பைத் தேடி எடுப்பவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வாசிக்கச் சரக்கு இருக்கிறது.

இது புதுப் பழக்கமா?

இல்லவே இல்லை. பேஞ்சோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில். அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி உருவாக்கிய வாத்தியம் அது. பிறகு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைக் கூத்துகள் மூலம் பரவியது. அந்த வரலாற்றின் கசப்பை ஒதுக்கிவிட்டு பேஞ்சோவைப் பற்றிப் பேச முடியாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு திருப்பம். ஃபிலடெல்ஃபியாவில் எஸ். எஸ். ஸ்டூவர்ட் என்ற பேஞ்சோ தயாரிப்பாளர், இதை நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்குக் கொண்டுவருவதையே தொழிலாக வைத்துக்கொண்டார். இதழ் நடத்தினார், இசைத்தாள்கள் அச்சிட்டார், பேஞ்சோ ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கென்று சின்ன பேஞ்சோக்கள் செய்தார். விற்பனைத் தந்திரம்தான், ஆனாலும் பலன் இருந்தது. ஆல்ஃபிரட் ஃபார்லாண்ட் (1864–1954) மெண்டெல்சோனின் வயலின் கான்செர்ட்டோவையும் ரோசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசையையும் பேஞ்சோவில் வாசித்துப் பெயர் வாங்கினார். வெஸ் ஆஸ்மன், ஃப்ரெட் வான் எப்ஸ் இருவரும் ஆரம்பகால ஒலிப்பதிவு உருளைகளில் நிறைய வாசித்திருக்கிறார்கள். மைக் இல்லாத அந்தக் காலத்தில் கூம்புக்குள் போய் அழுத்தமாகப் பதிந்த வாத்தியங்களில் பேஞ்சோவும் ஒன்று. இங்கிலாந்தில் ஜோ மோர்லி (1867–1937) பேஞ்சோவுக்கென்றே ஏராளமாக இசையமைத்தார். நைலான் அல்லது குடல் தந்தியில் வெறும் விரலால் வாசிக்கும் இந்த மரபை 'கிளாசிக் பேஞ்சோ' என்கிறார்கள். பாக் வாசிப்பதும் கிளாசிக் பேஞ்சோவும் ஒன்றல்ல. மோர்லியின் படைப்புகள் பெரும்பாலும் அந்தக் கால அணிவகுப்பு இசை, நடன இசை வகை. ஆனால் விரல் நுட்பம் இரண்டுக்கும் பொதுவானது.

எந்த பேஞ்சோ வாங்குவது? ஐந்து தந்தியா, நான்கா?

மூன்று வகை உண்டு. ஐந்து தந்தி பேஞ்சோவை விரல்களால் மீட்டுவார்கள். நான்கு தந்தியுள்ள டெனர், பிளெக்ட்ரம் என்ற இரண்டு வகைகளையும் பிளெக்ட்ரம் எனப்படும் சின்னத் தட்டைத் துண்டால் வாசிப்பார்கள்.

டெனர் பேஞ்சோவின் வழக்கமான சுருதி சி, ஜி, டி, ஏ (மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). இது வயோலாவின் (வயலினை விடச் சற்றுப் பெரிய வாத்தியம்) சுருதியேதான். செல்லோவுக்கு ஒரு ஸ்தாயி மேல். அதனால் வயோலா, செல்லோ, வயலின் பழக்கம் உள்ளவர்களுக்கு டெனர் வசதி; ஸ்வரங்கள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டாம். ஒற்றை வரி மெட்டுகளுக்கு அது போதும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு குரல் வேண்டும், மெட்டும் அடிக்குரலும் தனித்தனியாக நடக்க வேண்டும் என்றால் ஐந்து தந்திதான். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் ஐந்து தந்தியையே எடுக்கலாம். இந்தப் பக்கத்தின் மீதிப் பகுதியும் அதைப் பற்றித்தான்.

ஒலி ஏன் இவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது?

கிட்டாரின் மரப்பலகையை விட பேஞ்சோவின் தோல் மிகவும் லேசானது. தந்தியின் அதிர்வு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற சின்னத் துண்டு வழியாகத் தோலுக்கு வந்ததும், தோல் காற்றைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறது. தந்தியில் இருக்கும் சக்தி ஒரே அளவுதான். அதைச் சட்டென்று செலவழித்தால் சத்தம் பெரிதாக இருக்கும், ஆயுள் குறைவாக இருக்கும். சத்தமும் நீளமும் சேர்ந்து கிடைக்காது.

அந்தக் கணீர் தொனிக்கு வேறு காரணங்களும் உண்டு. 2004இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பொலிட்சர், குவார்க் என்ற அணுவின் உள்துகள்களை விட்டுவிட்டு இதைத் தோண்டினார். பிரிட்ஜ் தோலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும்போது தந்தி இழுபட்டுத் தளர்கிறது, அதனால் சுருதி மிக நுண்ணிய அளவில் நடுங்குகிறது, அந்த நடுக்கம்தான் உலோகத் தொனிக்கு ஒரு காரணம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

சரி, எந்த மாதிரிப் படைப்புகள் பொருந்தும்?

ஒலி நீளாத வாத்தியங்களுக்காக எழுதப்பட்டவை முதலில். ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்), லூட் (பழைய தந்தி வாத்தியம்), பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு) கிட்டார் இசை. ஹார்ப்சிகார்டும் தந்தியைச் சுண்டித்தான் ஒலிக்கிறது. அதற்கு எழுதியவர்கள் நீண்ட ஸ்வரத்தை நம்பாமல், சின்னச் சின்ன ஸ்வரங்களை ஓடவிட்டு இடைவெளியை நிரப்பினார்கள். ஸ்கார்லாட்டியின் 555 சொனாட்டாக்களில் இரண்டு குரல் மட்டும் ஓடும் மெல்லிய படைப்புகள் நிறைய. பாக்கின் தனி வயலின், தனி செல்லோ படைப்புகளும் அப்படியே. ஒரே வரி ஓடிக்கொண்டே உள்ளுக்குள் இரண்டு மூன்று குரல்களைக் காட்டும்.

பலரும் கவனிக்காத ஒரு பொக்கிஷம் பரோக் கிட்டார். காஸ்பர் சான்ஸ் 1674இல் ஸ்பெயினில் வெளியிட்ட கிட்டார் நூலின் நடனங்களை எடுத்துப் பாருங்கள். அந்தக் கிட்டாரில் தந்திகள் கீழிருந்து மேலாக வரிசையாகச் சுருதி சேர்க்கப்படவில்லை. கட்டை விரல் பக்கத்துத் தந்திகளே உயர்ந்த ஒலி தரும். பேஞ்சோவின் ஐந்தாம் தந்தியும் அப்படித்தான். அடுத்தடுத்த ஸ்வரங்களை வேறு வேறு தந்திகளில் எடுத்து, மணிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்கவிடுவதற்கு ஸ்பானியர்கள் 'கம்பனெலாஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்றைய பேஞ்சோ வாசிப்பின் உயிரும் அதுவே.

பொருந்தாதவை: மெதுவாக நகரும் 19ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் கால இசை. ஷோப்பானின் நாக்டர்ன்கள், ஷூபர்ட்டின் பாடல்கள், பெரிய சிம்பனிகளின் மந்தமான பகுதிகள். டிரெமோலோ அடித்து (ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டி) ஸ்வரத்தை நீட்டலாம்தான். கொஞ்சம் நேரம் நன்றாக இருக்கும், முழுப் படைப்பும் அப்படியே போனால் காது வலிக்கும்.

ஓடும் ஸ்வர வரிசைகளை எப்படி வாசிப்பது? என் வேகம் ஏறவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலும் கோளாறு வலது கையில். அமெரிக்க பேஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பரப்பிய மூன்று விரல் பாணியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் வேறு வேறு தந்திகளில் சுழலும். ஒரே தந்தியை ஒரே விரல் திரும்பத் திரும்ப அடிப்பது அதில் அரிது. ஆகவே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) பிரித்து வாசிப்பது சுலபம். ச ரி க ம என்று படியேறுவது கடினம்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, டான் ரெனோ பயன்படுத்திய ஒற்றைத் தந்தி முறை: கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாறி மாறி ஒரே தந்தியை மீட்டுவது. இன்னொன்று 1960களின் தொடக்கத்தில் பில் கீத்தும் பாபி தாம்ப்ஸனும் தனித்தனியாகக் கண்டெடுத்த 'மெலடிக்' முறை: அடுத்தடுத்த ஸ்வரங்களை வேறு வேறு தந்திகளில் எடுப்பது. செவ்வியல் இசைக்கு இரண்டும் வேண்டும், ஆனால் முதலில் இரண்டாவதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வழக்கமான ஜி சுருதியில் (ஐந்தாம் தந்தி மேல் ஜி, நான்காவது டி, மூன்றாவது ஜி, இரண்டாவது பி, முதலாவது டி) ஜி மேஜரை மேலிருந்து இறக்கிப் பாருங்கள். ஜி: ஐந்தாம் தந்தி, விரல் வைக்காமல். எஃப் ஷார்ப்: முதல் தந்தி, 4ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி). இ: இரண்டாம் தந்தி, 5ஆம் ஃப்ரெட். டி: முதல் தந்தி, விரல் வைக்காமல். சி: மூன்றாம் தந்தி, 5ஆம் ஃப்ரெட். பி: இரண்டாம் தந்தி, விரல் வைக்காமல். ஏ: நான்காம் தந்தி, 7ஆம் ஃப்ரெட். கடைசி ஜி: மூன்றாம் தந்தி, விரல் வைக்காமல்.

எட்டு ஸ்வரம். அடுத்தடுத்து இரண்டு ஸ்வரம் ஒரே தந்தியில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வலது கைக்கு அது வழக்கமான சுழற்சி மாதிரியே இருக்கும், வெளியே கேட்பதோ தெளிவான ஸ்கேல். விரல் எடுத்த பிறகும் பழைய ஸ்வரம் கொஞ்சம் ஒலிப்பதால், குட்டையான ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடங்கிவிடும் ஒலி என்ற பிரச்சினைக்கு டிரெமோலோவை விட இதுதான் நல்ல மருந்து.

இதே முறையை எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். குறுகிய இடைவெளியில் இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலித்தால் சில இடங்களில் ஹார்மனி கலங்கிவிடும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துத் தெரிய வேண்டிய இடத்தில் ஒற்றைத் தந்தி முறைக்கு மாறுங்கள். நல்ல வாசிப்பில் இந்த மாற்றம் ஒரே வரிக்குள் இரண்டு மூன்று முறை நடக்கும்.

ஐந்தாம் தந்தி தொந்தரவாக இருக்காதா?

சில நேரம் இருக்கும். வீணையின் தாளத் தந்திகள் மாதிரி, அது ஒரே சுருதியை மேலே பிடித்துக்கொண்டு நிற்க உண்டான தந்தி. கழுத்தில் ஐந்தாம் ஃப்ரெட் அருகேதான் தொடங்கும். ஜி மேஜர், சி மேஜர், இ மைனர் படைப்புகளில் இது வரம். பாக்கின் மூன்றாம் இங்கிலீஷ் சூட்டில் (சூட் என்பது நடனங்களின் தொகுப்பு) இரண்டாம் கவோட் நடனம் 'மியூசெட்' வகை; ஜி ஸ்வரம் அடியில் விடாமல் ஒலிக்க, மேலே ஜி மேஜரில் மெட்டு நடக்கும். பேஞ்சோவில் அந்த ஜி அடியிலிருந்து மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனாலும் பொருத்தம் கெடாது.

டி மேஜருக்குப் போனால் ஐந்தாம் தந்தியை ஏ ஆக்கிக்கொள்வது நல்லது. அதற்கு 7ஆம் ஃப்ரெட்டில் ஒரு குட்டி ஆணி அடித்து, தந்தியை அதன் கீழே மாட்டுவார்கள். பொம்மை ரயில் தண்டவாளங்களுக்கு அடிக்கும் ஆணிகளையே பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். விலை உயர்ந்த வாத்தியத்தில் நீங்களே சுத்தியலைத் தூக்க வேண்டாம், தெரிந்த கைவினைஞரிடம் கொடுங்கள்.

ஃப்ளாட்டுகள் (அரைப்படி இறக்கிய ஸ்வரங்கள்) நிறைந்த ஸ்கேல்களில் இந்தத் தந்தியைத் தொடாமலே வாசிக்கலாம். ஐந்து இருக்கிறது என்பதற்காக ஐந்தையும் மீட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பாக்கின் செல்லோ சூட்டை அதே ஸ்கேலில் வாசிக்கலாமா?

முதல் சூட் ஜி மேஜர் என்பதால் அதிர்ஷ்டம். செல்லோவின் கடைசித் தந்தி சி, பேஞ்சோவுக்கு மிகவும் கீழே. ஒரு ஸ்தாயி மேலே தூக்கினால் எல்லாம் அடங்கிவிடும், ஆனால் நான்காம் தந்தியை டியிலிருந்து சிக்கு இறக்க வேண்டும். கிளாசிக் பேஞ்சோக்காரர்களின் பழைய சுருதியே அதுதான். முன்னிசையின் தொடக்கத்தில் அடிக்கடி திரும்பி வரும் ஜியும் டியும் அப்போது மூன்றாம், முதலாம் தந்திகளில் விரல் வைக்காமலே கிடைக்கும். மற்ற சூட்களுக்கு ஸ்கேலை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. பாக்கே தன் படைப்புகளை ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாக மாற்றியவர்.

பாக் விசைப்பலகைக்கு எழுதிய இரு குரல் இன்வென்ஷன்களைத் தனியாக வாசிக்கலாமா?

சிலவற்றை, அடிக்குரலை அங்கங்கே ஒரு ஸ்தாயி தூக்கி. பியானோவில் இரண்டு கைகளும் விலகி நிற்கும் தூரம் பேஞ்சோவில் இல்லை. இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு இரட்டையாக வாசிப்பதே அழகு. மற்றவர் கையில் மாண்டலினோ செல்லோவோ எது இருந்தாலும் சரி.

ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) போட்டால் கேட்கவே இல்லையே?

இடது விரலால் தட்டித் தட்டிப் போடும் ட்ரில் மூன்றாவது தட்டிலேயே செத்துப்போகும், தந்தியில் சக்தி மிச்சமில்லை. ட்ரில்லின் இரண்டு ஸ்வரங்களையும் இரண்டு தந்திகளில் வைத்து வலது விரல்களால் மாறி மாறி மீட்டுங்கள். முதல் தந்தி 4ஆம் ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப், ஐந்தாம் தந்தியில் ஜி. ஃப்ரெட்டை அழுத்திப் பிடிப்பதைத் தவிர இடது கைக்கு வேலையே இல்லாத ட்ரில் இது. ஹார்ப்சிகார்டின் சலசலப்பு அப்படியே வரும்.

விரல் பிக் (விரலில் மாட்டி மீட்டும் உறை) வேண்டுமா? எந்தத் தந்தி?

இரண்டு கட்சி உண்டு. உலோகத் தந்தியும் விரல் பிக்கும் சேர்ந்தால் துல்லியம், வேகம், சத்தம். நைலான் தந்தியும் வெறும் விரலும் சேர்ந்தால் லூட்டுக்கு நெருக்கமான மென்மை. பாக் வாசிக்க முதல் வகை எனக்குப் பிடிக்கும். சான்ஸின் நடனங்களுக்கு நைலான். நைலானுக்கு மாறும்போது நட்டின் (கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) வெட்டுகள் தடித்த தந்திக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்தியை விட முக்கியம் பிரிட்ஜ். பேஞ்சோவில் அது ஒட்டப்பட்டிருக்காது, தந்தி அழுத்துவதால் மட்டும் நிற்கிறது. கொஞ்சம் நகர்ந்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் அபசுரம். 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரமும் அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மானிக்கும் ஒத்துப்போகிறதா என்று தந்தி மாற்றும்போதெல்லாம் சோதியுங்கள். இரண்டு குரல் இசையில் இந்தப் பிசகு உடனே தெரிந்துவிடும்.

எனக்குக் கிட்டார் தெரியும். நேராக இறங்கலாமா?

இறங்கலாம். இரண்டு, மூன்று, நான்காம் தந்திகள் கிட்டாரில் இருப்பவையே. முதல் தந்தி மட்டும் இ இல்லை, டி. கிட்டாரின் கீழ்த் தந்திகள் இரண்டும் கிடையாது என்பதால், கிட்டாருக்காக எழுதிய படைப்பில் அடிக்குரல் நொண்டும். அதை அப்படியே பிரதியெடுக்காமல் மூலத்திலிருந்து நீங்களே அமைத்துக்கொள்வது மேல்.

இசைக்குறியீடு படிக்கத் தெரிய வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. டாப்லேச்சர் (தந்தியையும் ஃப்ரெட் எண்ணையும் காட்டும் குறியீடு) விரல் எங்கே என்று சொல்லும். எந்தக் குரல் எங்கே போகிறது என்று சொல்லாது. இரண்டையும் மேலும் கீழுமாக அச்சிட்ட பதிப்புகளைத் தேடுங்கள். பேஞ்சோ இசை எழுதப்பட்டிருப்பதை விட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதை நினைவில் வையுங்கள், கிட்டார் மாதிரியே.

ஆர்க்கெஸ்ட்ராவில் பேஞ்சோவுக்கு இடம் உண்டா?

1920களிலிருந்து உண்டு. கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' 1924இல் முதலில் ஜாஸ் குழுவுக்காக அமைக்கப்பட்டபோதே பேஞ்சோ இருந்தது. கர்ட் வைலின் 'மூன்று பென்னி ஓபரா'விலும் (1928) ஷோஸ்தகோவிச்சின் முதல் ஜாஸ் சூட்டிலும் (1934) பேஞ்சோ வருகிறது. இவை பெரும்பாலும் தாளம் கொடுக்கும் வேலைகள். முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றால் ஃப்ளெக் எழுதிய 'தி இம்போஸ்டர்' கான்செர்ட்டோ; 2011இல் நாஷ்வில் சிம்பனியுடன் அரங்கேறியது. தலைப்புக்கு வஞ்சகன், வேடதாரி என்று பொருள். யாராவது சிரிப்பதற்கு முன்னால் அவரே சிரித்துவிட்டார்.

கர்நாடக இசை வாசிக்கலாமா?

கீர்த்தனையின் உருவம் வரும், கமகம் முழுமையாக வராது. தந்தியை இழுத்துக் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் இழுத்து முடிப்பதற்குள் ஒலி போய்விடும். ஃப்ரெட் இல்லாத பேஞ்சோவில் வாய்ப்பு அதிகம். இந்திய இசைக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பது வேறு விஷயம்: ஃப்ளெக், ஜாகிர் உசேன், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா நால்வரும் 2023இல் வெளியிட்ட 'அஸ் வி ஸ்பீக்' ஆல்பத்தைக் கேளுங்கள்.

வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள்.

நியாயம்தான். பின்பக்கம் மூடிய ரெசனேட்டர் இருந்தால் கழற்றுங்கள். தோலுக்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பழைய காலுறையைச் செருகுங்கள். இது சத்தத்தைக் குறைப்பதோடு தேவையற்ற கிணுகிணுப்பையும் எடுத்துவிடும், ஒலிப்பதிவுக்கே சிலர் இப்படிச் செய்வதுண்டு. பிரிட்ஜை விட்டு விலகிக் கழுத்துப் பக்கம் மீட்டினாலும் தொனி மென்மையாகும்.

யாரைக் கேட்பது, எதில் தொடங்குவது?

ஃப்ளெக்கைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஜான் புல்லார்ட் முழுக்க முழுக்கச் செவ்வியல் இசைக்கே பேஞ்சோவைக் கொடுத்தவர். பாக், ஹாண்டல், டெலிமான் எல்லாம் நிதானமாக, வித்தை காட்டாமல் வாசிப்பார். கற்றுக்கொள்பவர்களுக்கு ஃப்ளெக்கை விட இவரே உதவுவார். 1955இல் அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகர் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி மெட்டைச் சாதாரணமாக, ஏதோ நாட்டுப்பாடல் மாதிரி வாசித்த பதிவும் உண்டு. பயத்தைப் போக்க அது நல்லது.

தொடங்க, மேலே சொன்ன மியூசெட். அப்புறம் செல்லோ முன்னிசையின் முதல் பாதி, மெட்ரோனோமை உங்களுக்கே சலிக்கும் அளவுக்கு மெதுவாக வைத்து. ஸ்வரங்கள் சரியாக வரத் தொடங்கியதும் எந்த ஸ்வரத்தை ஒலிக்கவிட வேண்டும், எதை அமர்த்த வேண்டும் என்று தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மெலடிக் விரலமைப்பு ஒன்று, ஒற்றைத் தந்தி விரலமைப்பு ஒன்று என இரண்டையும் எழுதி வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் பாதியை அதன் பிறகு தொட்டால் போதும்.